கைக்குத் திரும்பும் ஃபோர் வீல்

சென்னை மண்ணூர்பேட்டையில் எம்.டி.எச். சாலையோரம் நின்று பார்த்தால் இரண்டு திசையிலும் வண்டித் தொழிலின் வரலாறு தெரியும். கிழக்கே பாடியில் 1960களில் எழுந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். பக்கத்திலேயே 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. மேற்கே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அதே சாலையைப் பிடித்து இன்னும் போனால் திருவள்ளூர். மிட்சுபிஷி பஜேரோவை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கோத்து அனுப்பிய ஆலை அங்கேதான் இருந்தது.

இந்தச் சாலையை ஒட்டிய பட்டறைகளுக்குப் பழைய ஜீப்பும் வரும், ஸ்கார்பியோவும் வரும், பஜேரோவும் வரும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: "சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை. இந்த வேக்கத்தையும் மோட்டாரையும் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய ஜீப் மாதிரி கையாலேயே போடும்படி மாற்றிவிடலாமா?"

கேள்வி எளிமையாகத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எது கெட்டது? எதை மாற்றுவது? மாற்றினால் வேறு எது கெடும்? மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

கையிலிருந்து காற்றுக்கு

ஃபோர் வீல் தொடக்கத்தில் முழுக்கக் கை வேலையாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வில்லிஸ் ஜீப்புகள் பொதுமக்களிடம் வந்தன. காட்டில் ஓடுவதற்காகச் செய்த வண்டி தார்ச்சாலையில் ஓடியபோது, தேவையே இல்லாமல் முன் ஆக்ஸிலும் கிரவுனும் பினியனும் சேர்ந்து சுழன்று எரிபொருளையும் டயரையும் தின்றன. 1948இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆர்தர் வார்ன் என்பவர் இதற்கு வழி கண்டார். முன் சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு. திருகினால் சக்கரம் ஆக்ஸிலோடு பூட்டிக்கொள்ளும், திருப்பித் திருகினால் விடுபட்டுத் தன்பாட்டுக்குச் சுழலும். இதுதான் லாக்கிங் ஹப்.

இந்தியாவில் மகிந்திரா 1947 முதல் வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியது. 1985 டிசம்பரில் மாருதி ஜிப்சி வந்தது. இரண்டிலும் டிரைவர் பக்கத்தில் லீவர் இருந்தது. நீலகிரித் தோட்டங்களிலும் வால்பாறை மலைப்பாதைகளிலும் வண்டி ஓட்டியவர்களுக்குச் சேறு வரும்முன் இறங்கி ஹப்பைத் திருகுவது, பீடி பற்றவைப்பதைப்போலப் பழகிப்போன வேலை.

ஃபோர் வீல் வண்டி பிறகு குடும்ப வண்டியானது. வாங்குபவர் மழையில் இறங்கிச் சேற்றில் குந்தி ஹப்பைத் திருக மாட்டார். ஓடும்போதே சுவிட்சைத் தட்டினால் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். இந்த எதிர்பார்ப்பைத் தீர்க்கவே மின்மோட்டாரும், காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடமான வேக்கமும் வந்தன.

உள்ளே என்ன நடக்கிறது

ஃபோர் வீல் போடுவதில் இரண்டு பூட்டுகள் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் பூட்டு வண்டியின் நடுவில், கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ளது. எஞ்சின் சக்தியை முன் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. லோ கியரும் இங்கேதான். இரண்டாவது பூட்டு முன் பக்கம் இருக்கிறது. சில வண்டிகளில் இரண்டு சக்கர ஹப்புகளிலும், சில வண்டிகளில் முன் ஆக்ஸிலின் ஒரு பக்கத்திலும் இருக்கும். இரண்டும் பூட்டினால்தான் முன் சக்கரம் இழுக்கும்.

ஸ்கார்பியோவின் பழைய ஃபோர் வீல் மாடலை எடுத்துக்கொள்வோம். அதில் போர்க்வார்னர் டிரான்ஸ்ஃபர் கேஸ். சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்னக் கணினிப் பெட்டி வண்டியின் வேகத்தைப் பார்க்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் முதுகில் இருக்கும் மோட்டார் ஒரு ஷாஃப்டைத் திருப்புகிறது. உள்ளே ஒரு மின்காந்த கிளட்ச், நின்றுகொண்டிருந்த முன் ஷாஃப்டைப் பின் ஷாஃப்டின் வேகத்துக்குச் சுழற்றிவிடுகிறது. வேகம் ஒத்துப்போனதும் பூட்டு நழுவி உட்காருகிறது. இன்னொரு பக்கம் சலனாய்டு வால்வு திறந்து, முன் ஹப்புகளுக்கு வேக்கம் போகிறது. ஹப்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் இழுபட்டு, சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டுகிறது.

வேக்கம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளிழுக்கும் பாதையிலேயே வேக்கம் கிடைக்கும். டீசலில் கிடைக்காது, தனியாகப் பம்ப் வேண்டும். பல டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் வேக்கம் தருவது இதே பம்ப்தான். இந்த உண்மையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேக்கத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அதன் உச்சமே வளிமண்டல அழுத்தம்தான், அதாவது ஒரு பார் அளவு. நல்ல பம்ப் 0.6 பார் வித்தியாசம் கொடுத்தால், 6 செ.மீ. விட்டமுள்ள டயாஃப்ரமில் கிடைக்கும் இழுவிசை சுமார் 17 கிலோ. குழாயில் சின்ன ஓட்டை விழுந்து வேக்கம் பாதியானால் இழுவிசையும் பாதியாகிவிடும். கிரீஸ் காய்ந்து கெட்டியான ஹப்பை எட்டு கிலோ விசை நகர்த்தாது. லாரிகளில் இதே மாதிரி வேலையை ஏழெட்டு பார் அமுக்கக் காற்று செய்கிறது. அதனால்தான் லாரிக்காரர்கள் இந்தத் தொல்லையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எது கெடுகிறது

பட்டறை அனுபவமும் கட்டமைப்பும் காட்டுவது ஒன்றுதான்: பெரும்பாலும் இரும்பு கெடுவதில்லை, ரப்பர்தான் கெடுகிறது. எஞ்சின் அறைச் சூட்டில் வேக்கம் ஓஸ் வெடிக்கும். எலி கடிக்கும். சலனாய்டின் கனெக்டரில் பச்சை பிடிக்கும். ஹப்பின் சீல் தேயும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு காரணம் இருக்கிறது. சென்னையில் பல ஃபோர் வீல் வண்டிகள் அபூர்வமாகத்தான் ஃபோர் வீலில் ஓடுகின்றன. அசையாத டயாஃப்ரமும் அசையாத மோட்டாரும் இருந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கின்றன.

அப்புறம் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகள் தண்ணீரில் நின்றன. தொழிற்பேட்டைக்குள்ளேயே இயந்திரங்கள் மூழ்கின. "நம்ம வண்டி ஃபோர் வீல்தானே" என்று தண்ணீரில் இறக்கியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்காது. சீல் கிழிந்த ஹப்புக்கு வேக்கம் கொடுத்தால், அது காற்றை இழுப்பதைப் போலவே தண்ணீரையும் உள்ளே இழுக்கும். சில மாதம் கழித்துச் சக்கரத்தைப் பிரித்தால் கிரீஸ் பால் நிறத்தில் இருக்கும், பேரிங்கில் துரு ஏறியிருக்கும்.

விளக்கையும் முழுதாக நம்ப முடியாது. பல வண்டிகளில் டேஷ்போர்டு விளக்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் நிலையை மட்டுமே சொல்கிறது, ஹப் பூட்டியதா என்று அதற்குத் தெரியாது. பஜேரோவின் சூப்பர் செலக்ட் அமைப்பு இதில் நேர்மையானது. அதில் டிரைவர் பிடிப்பது லீவர்தான் என்றாலும் முன் ஆக்ஸிலை இணைப்பது வேக்கம். அங்கே பூட்டு முழுதாக விழாவிட்டால் முன் சக்கர விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே மாற்றுவதற்கு முன் சோதியுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரங்கள் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஃபோர் வீலைப் போட வேண்டும். பிறகு ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுற்றினால், ஒன்று முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைத் திருப்ப முயன்று கனமாகத் தடுக்க வேண்டும், அல்லது எதிர்ப்பக்கச் சக்கரம் மறுதிசையில் சுற்ற வேண்டும். எதுவும் இல்லாமல் லேசாகச் சுற்றினால் எங்கோ ஒரு பூட்டு விழவில்லை. அடுத்து வேக்கம் கேஜை எடுத்துப் பம்பிலிருந்து ஹப்வரை ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் முள் விழுகிறதோ அங்கேதான் நோய். பல வண்டிகளில் ஓர் ஓஸும் இரண்டு கிளிப்பும் மாற்றியதோடு கதை முடிந்துவிடும்.

மாற்றும் வழிகள்

பழுது பார்த்தும் நிலைக்கவில்லை, அல்லது புதிய ஹப் கிடைக்கவில்லை என்றால் மாற்றம்தான். உலகம் முழுவதும் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

முதல் வழி, வேக்கம் ஹப்பைக் கழற்றிவிட்டுக் கையால் திருகும் ஹப்பைப் போடுவது. பிரேசிலின் ஏ.வி.எம். ஹப்புகள் இந்திய ஃபோர் வீல் ஆர்வலர்களுக்கு நன்கு பழக்கம். இந்த வழியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் அப்படியே இருக்கும், சுவிட்சும் வேலை செய்யும். முன் முனையை மட்டும் நம் கை பார்த்துக்கொள்ளும். மழைக்காலம் தொடங்கும்போது இரண்டு ஹப்பையும் பூட்டிவிட்டு, டிசம்பர் போனதும் திறந்துவிடலாம். பூட்டியே ஓடினாலும் பெரிய கேடில்லை. டூ வீலில் இருக்கும்வரை முன் ஷாஃப்டுகள் சும்மா சுழலும், கொஞ்சம் டீசல் கூடும், அவ்வளவுதான்.

இரண்டாவது, முன் ஆக்ஸிலின் ஒரு பக்கத்தில் பூட்டு இருக்கும் வண்டிகளுக்கான கேபிள் வழி. டாட்ஜ் ராம் போன்ற அமெரிக்க வண்டிகளில் இது வேக்கத்தால் இயங்கியது. அங்கே வேக்கம் மோட்டாரைக் கழற்றிவிட்டு, டிரைவர் இழுக்கும் கேபிளைக் கோக்கும் கிட்டுகள் கடைகளில் விற்கின்றன. நம் ஊரில் பஜேரோவுக்கு இதே யோசனையை லேத்தில் ஒரு பிராக்கெட் செய்து முயலலாம். ஆனால் கேபிள் முழு நீளமும் நகர்ந்து பூட்டு முழுசாக உட்கார வேண்டும். பாதி உட்கார்ந்த பூட்டின் பற்கள் நொறுங்கிவிடும்.

மூன்றாவது, பூட்டை நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. பூட்டை நகர்த்தும் ஃபோர்க்கை ஒரு புஷ் வைத்து நகரவிடாமல் செய்வார்கள். செலவு குறைவு, கெடுவதற்கும் ஒன்றுமில்லை. விலை வேறு வழியில் வரும்: முன் ஆக்ஸில் காலம் முழுக்கச் சுழலும், ஜாயிண்டுகள் தேயும், வேகத்தில் அதிர்வு தெரியலாம். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனமே இதற்கு நெருங்கிய முடிவை எடுத்தது. 1998இல் ரேஞ்சர் வண்டியில் வேக்கம் துடிப்பால் இயங்கும் ஹப்பைக் கொடுத்தார்கள். 2001 மாடலில் அதையே விட்டுவிட்டு, முன் ஆக்ஸில் எப்போதும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும்படி மாற்றினார்கள். தயாரித்தவரே கைவிட்டதை நாம் காப்பாற்றியாக வேண்டும் என்றில்லை.

நான்காவது, கணினிப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, மோட்டாருக்கும் சலனாய்டுக்கும் நேரடியாக ஒரு சுவிட்ச் கோப்பது. பார்க்கச் சாமர்த்தியமாகத் தெரியும், ஆனால் எல்லா வழிகளிலும் ஆபத்தானது இதுதான். அந்தப் பெட்டி வேகத்தைப் பார்க்கிறது, மோட்டார் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிறுத்துகிறது, ஓடும்போது லோ கியர் விழாமல் தடுக்கிறது. இதற்குப் பதில் ஒரு சாதாரண சுவிட்ச் இருந்தால், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் குழந்தை கை பட்டாலும் லோ கியருக்கு மோட்டார் திரும்பும். சலனாய்டுக்கு மட்டும் தனிச் சுவிட்ச் போடலாம். மோட்டாருக்குப் போடக் கூடாது.

ஐந்தாவது, மின் டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்கிவிட்டு, லீவர் வைத்த டிரான்ஸ்ஃபர் கேஸை ஏற்றுவது. முழுமையான மாற்றம் இதுதான், வேலையும் இதில்தான் அதிகம். போர்க்வார்னர் குடும்பத்திலேயே லீவர் வகையும் உண்டு. பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில், உடைத்த வண்டியிலிருந்து கிடைக்கலாம். ஆனால் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளீட்டு ஷாஃப்டின் பற்கள் எண்ணிக்கை, முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளியே வருகிறது, ஸ்பீடோமீட்டருக்கு வேகம் எங்கிருந்து போகிறது, லீவருக்குத் தரையில் எங்கே ஓட்டை போடுவது, எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒன்று தவறினாலும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் மாற்றி, பாலன்ஸ் பார்க்கும் வேலை கூடும்.

இவற்றோடு ஓர் அவசர வழியும் உண்டு. மின் மோட்டார் செத்துப்போய், வண்டி காட்டில் மாட்டிக்கொண்டால், அந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும் ஷாஃப்டை ஸ்பேனரால் திருப்பி ஃபோர் வீலைப் போடலாம். இது வீட்டுக்கு வந்து சேர்வதற்கான வழி மட்டுமே. இதையே நிரந்தர வழியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் படுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு லீவர் வாங்குவது மலிவு.

மாற்றினால் என்ன கெடும்

முதலில் பிரேக். வேக்கம் ஹப்பைக் கழற்றியவர், அதற்கு வந்த ஓஸை அப்படியே தொங்கவிட்டால் பம்பின் வேக்கம் முழுக்க அந்தத் திறந்த வாய் வழியே வீணாகும். பிரேக் பூஸ்டருக்குக் கிடைக்க வேண்டியதும் குறையும், பெடல் கல்லாக மாறும். ஓஸை ஹப் முனையில் கட்டினால் போதாது. பம்புக்கு அருகில், கிளை பிரியும் இடத்திலேயே முறையான மூடி போட்டு அடைக்க வேண்டும். சக்கர நக்கிளில் வேக்கம் போன ஓட்டையையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அந்த வழியாகவே பேரிங்குக்குப் போகும்.

இரண்டாவது கணினி. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். புதிய வண்டிகளில் ஃபோர் வீல் நிலை என்ன என்பதை ஏ.பி.எஸ். பெட்டியும் எஞ்சின் பெட்டியும் கேட்டுக்கொண்டே இருக்கும். கையால் பூட்டினால் அந்தச் செய்தி அவற்றுக்குப் போகாது. எச்சரிக்கை விளக்கு எரியும், சில வண்டிகளில் ஃபோர் வீல் லோவில் பிரேக் நடந்துகொள்ளும் முறையும் மாறும். ஆகவே பழைய ஸ்கார்பியோவுக்குப் பொருந்தும் அறிவுரையை அப்படியே புதிய வண்டிக்குச் சொல்லக் கூடாது.

மூன்றாவது சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை, மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை வைத்தது. ஹப்பை மாற்றுவதால் பதிவு விவரம் எதுவும் மாறுவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றுவது வேறு விஷயம். அதைச் செய்யும்முன் அம்பத்தூர் அல்லது பூந்தமல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது. வாரண்டியும் இன்சூரன்சும் இருக்கும் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

நான்காவது பழக்கம். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத ஃபோர் வீலில், காய்ந்த தார்ச்சாலையில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டியிருக்கும். ஓட வழியில்லாததால் ஷாஃப்டுகள் முறுக்கேறும், லீவர் இறுகி வெளியே வராது. அப்போது பலம் காட்டி இழுக்காமல், வண்டியை நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தானே கழலும். லீவரும் திருகும் நம் கையில் வந்தபின் நம்மைத் தடுக்கக் கணினி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

தயாரிப்பாளர்கள் எந்தப் பக்கம்

நிறுவனங்களும் ஒரே முடிவில் இல்லை. சுசுகி ஜிம்னியில் ஒரு காலத்தில் பட்டன் இருந்தது. 2018இல் வந்த புதிய ஜிம்னியில் லீவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2023இல் இந்தியாவுக்கு வந்ததும் லீவரோடுதான். நேர் எதிராக, லீவருக்குப் பேர்போன ஃபோர்ஸ் கூர்க்கா 2024 மாடலில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் திருகு சுவிட்ச் வைத்தது. டிஃபரன்ஷியல் லாக்கை மட்டும் கை லீவராகவே விட்டுவைத்தது. 2020இல் வந்த மகிந்திரா தாரில் டிரைவர் கையில் லீவர் இருக்கிறது, முன் ஆக்ஸிலைப் பிரித்துச் சேர்ப்பதோ மின்சாரம். ஃபோர்டின் பெரிய பிக்கப்புகளில் ஒரே ஹப்பில் வேக்கமும் உண்டு, வேக்கம் தவறினால் கையால் திருகிப் பூட்டவும் வழி உண்டு.

இந்தக் கடைசி வடிவமைப்புதான் நமக்கும் பாடம். பழையதா புதியதா என்ற கட்சி கட்டிக்கொள்வதைவிட, சேற்றில் மாட்டிய இடத்தில் கெட்டதை நாமே சரிசெய்ய முடியுமா என்று கேட்பதே முறை. முன் ஹப் கெட்டால் கையால் திருகும் ஹப் அதற்கு நேரான பதில். அதை நாமே பொருத்தலாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றிப் பழையதையே போடலாம், பதிவு விவரமும் மாறாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் மோட்டார் உயிரோடு இருக்கும்வரை அதில் கை வைக்க வேண்டாம். அது செத்து, மாற்று மோட்டாரும் கிடைக்காதபோதுதான் லீவர் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை. மாதம் ஒரு முறை, தார்ச்சாலையை விட்டு மண்தரையில் இறங்கி, ஃபோர் வீலைப் போட்டு, நேராக ஒரு நூறு அடி ஓட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். டயாஃப்ரமும் மோட்டாரும் அசைந்துகொண்டிருந்தால் பிடித்துக்கொள்ளாது. அப்படிச் செய்பவர்களில் பலருக்கு இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி தேவைப்படாது.